புள்ளியல்ல, கோடு

பெங்களூருவுக்கு வடக்கே ஏறத்தாழ 80 கிலோமீட்டரில் இருக்கிறது கௌரிபிதனூர். 1965-ல் இன்றைய பாபா அணு ஆராய்ச்சி மையம் பிரிட்டனின் உதவியோடு இங்கே 20 நிலநடுக்கமானிகளைப் பதித்தது. தமிழ் ‘ட’ எழுத்தைப் போல, கிலோமீட்டர் கணக்கில் நீளும் இரண்டு வரிசைகள். நோக்கம் நிலநடுக்க ஆய்வல்ல. மற்ற நாடுகள் பூமிக்கடியில் வெடிக்கும் அணுகுண்டுகளை ஒட்டுக்கேட்பது.

தனியாக நிற்கும் ஒரு கருவியை வைத்து அலை வந்த திசையைச் சரியாகச் சொல்வது கடினம். இருபதையும் பரப்பி வைத்தால், எதை அலை முதலில் தொட்டது, அடுத்ததை எவ்வளவு நேரம் கழித்துத் தொட்டது என்று பார்த்துத் திசையைப் பிடித்துவிடலாம். குண்டு ஒரே இடத்தில் வெடிக்கும். திசையும் தூரமும் தெரிந்தால் ஆள் அகப்பட்டான்.

நிலநடுக்கம் அவ்வளவு சுலபமில்லை. தொலைக்காட்சி வரைபடத்தில் ‘மையம்’ என்று காட்டும் சிவப்புப் புள்ளி, நிலப்பிளவு கிழியத் தொடங்கிய இடம் மட்டுமே. அங்கிருந்து கிழிசல் நொடிக்கு 2, 3 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும். அது ஓடிவரும் பக்கத்து ஊர்களில் அலைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி, குறைந்த நேரத்தில் பலமாக உலுக்கும். பின்பக்கத்து ஊர்களில் ஆட்டம் நீளும், ஆனால் மெலியும்.

2004 டிசம்பர் 26 அன்று சுனாமியைக் கிளப்பிய நடுக்கத்தின் புள்ளி இருந்தது சுமத்ராவுக்கு அருகே. கிழிசலோ வடக்கே நிக்கோபார், அந்தமான் வரை சுமார் 1,300 கிலோமீட்டர் போனது. போய்ச் சேர எட்டு நிமிடமாவது பிடித்தது. ஜப்பானிலும் ஜெர்மனியிலும் பரவிக் கிடந்த கருவிகளின் பதிவுகளில், அலை புறப்பட்ட இடம் நொடிக்கு நொடி வடக்கே நகர்ந்தது தெரிந்தது. சுனாமி பிளவுக்குக் குறுக்கான திசையில்தான் அதிக பலத்தோடு பாயும். அந்த நீண்ட கோட்டுக்கு மேற்கே இருந்தவை இலங்கையின் கிழக்குக் கரையும் நம் நாகப்பட்டினமும். புள்ளியை மட்டும் பார்ப்பவருக்கு நாகை ஏன் அப்படி அடிவாங்கியது என்பது விளங்காது.

தொலைதூரக் கருவிகள் ஓட்டத்தைச் சொல்லும். ஒரு ஊரின் வீடுகளைச் சாய்த்தது எது என்று அறிய, அந்த ஊரிலேயே கருவி வேண்டும். 2001 ஜனவரி 26 அன்று குஜராத்தின் புஜ் நகரை நிலநடுக்கம் உலுக்கியபோது அங்கே அது வாய்க்கவில்லை. 200 கிலோமீட்டருக்கு அப்பால், அகமதாபாத் பாஸ்போர்ட் அலுவலகக் கட்டடத்தில் இருந்த, தரையாட்டத்தின் முடுக்கத்தை அளக்கும் முடுக்கமானி நொடிவாரியாகப் பதிந்து கொடுத்தது. புஜ் இருக்கும் கட்ச் வட்டாரத்தில் இருந்தவை ரூர்க்கி பல்கலைக்கழகத்தாரின் எளிய கருவிகள்: ஆறு ஊசல்கள், ஊசிமுனை, கீழே புகைபடிந்த கண்ணாடி. தரை ஆடினால் ஊசி கண்ணாடியைக் கீறும். கீறலை அளந்தால் ஊசல் அதிகபட்சம் எவ்வளவு ஆடியது என்று தெரியும். எந்த நொடியில், எவ்வளவு நேரம் என்று கேட்டால் கண்ணாடி பேசாது. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் ஆர்.என். ஐயங்காரும் எஸ்.டி.ஜி. ரகுகாந்தும் புஜ் நகரின் ஆட்டத்தைக் கணக்கிட்டே மீட்டெடுக்க வேண்டியிருந்தது. 2002-ல் அதை வெளியிட்டார்கள். கெட்டிக்காரத்தனமான வேலைதான். ஆனால் ஆயிரக்கணக்கானோரைப் பலிகொண்ட ஆட்டத்தை ஊகித்துத் தேடும்படி ஒரு நாடு தன் விஞ்ஞானிகளை விட்டிருக்கக் கூடாது.

புஜ் நடுக்கத்துக்கு 33 ஆண்டு முன்பே மகாராஷ்டிரத்தின் கொய்னா அணையில் நமக்கு அதிர்ஷ்டம் அடித்திருந்தது. 1967 டிசம்பர் 11 விடியற்காலை நடுக்கம் வந்தபோது அணைக்குள்ளேயே முடுக்கமானி ஒன்று இருந்தது. புவியீர்ப்பு முடுக்கத்தில் 63 சதவீதம் வரை தொட்டது அதன் பதிவு. அணையில் விரிசல் விழுந்தது, அணை நின்றது. அந்த ஒரு பதிவை இன்றும் உலகெங்கும் அணைப் பொறியாளர்கள் தங்கள் கணினி மாதிரிகளில் ஓட்டிப் பார்க்கிறார்கள்.

கொய்னாவில் சிறு நடுக்கங்கள் ஓய்ந்தபாடில்லை. புவி அறிவியல் அமைச்சகம் பக்கத்தில் கராடில் ஆய்வகம் அமைத்து, 2017-ல் 3 கிலோமீட்டர் ஆழத்துக்குத் துளையும் போட்டது. பிளவுக்கு அருகிலேயே கருவிகளை இறக்குவதுதான் திட்டம்.