மூத்த ஓட்டுநரும் கார் இன்ஷூரன்சும்

ஓய்வு பெற்று ஓய்வூதியத்தில் வாழும் ஒருவர் காரின் இன்ஷூரன்சைப் புதுப்பிக்கும் நாளில் இரண்டு கேள்விகளை எழுப்புவது வழக்கம். 'எனக்கு வயதாகிவிட்டது என்று அதிகம் வசூலிக்கிறார்களா?' என்பது ஒன்று. 'இத்தொகையைக் குறைக்க வழி உண்டா?' என்பது மற்றொன்று. முதல் கேள்விக்கு விடை தெரிந்தால்தான் இரண்டாவதற்குச் சரியான விடை கிடைக்கும். ஆகவே பிரீமியம் என்ற தொகை எப்படிப் பிறக்கிறது என்பதை முதலில் காண்போம்.

பலர் தாங்கும் சுமை

ஓர் ஊரில் 10,000 கார்கள் இருப்பதாகக் கொள்வோம். ஆண்டொன்றுக்கு அவற்றில் 500 கார்கள் சேதமடைகின்றன என்றும், ஒவ்வொன்றையும் பழுதுபார்க்கச் சராசரியாக 30,000 ரூபாய் ஆகிறது என்றும் வைத்துக் கொள்வோம். மொத்தச் செலவு 1 கோடியே 50 லட்சம். இதை எல்லாரும் பகிர்ந்து கொண்டால் தலைக்கு 1,500 ரூபாய். அலுவலகச் செலவும் இலாபமும் சேர்ந்தால் அதுவே பிரீமியம்.

யாருடைய கார் மோதும் என்று எவராலும் சொல்ல முடியாது. ஆனால் ஏறத்தாழ எத்தனை கார்கள் மோதும் என்று சொல்லிவிடலாம். எண்ணிக்கை பெருகப் பெருகச் சராசரி நிலைபெறும் என்ற இவ்விதியைச் சுவிட்சர்லாந்துக் கணித அறிஞர் யாக்கோப் பெர்னூலி நிறுவினார். அவர் மறைந்த பின்னர், 1713-ல் அவரது நூல் வெளியாயிற்று. இன்ஷூரன்ஸ் தொழில் முழுவதும் இவ்விதியின் மீதே நிற்கிறது.

வயதும் விபத்தும்

ஓட்டிய தூரத்துக்கு எத்தனை விபத்துகள் என்று கணக்கிட்டால், அமெரிக்காவில் கிடைத்த புள்ளிவிவரங்கள் ஒரு கிண்ணத்தின் வடிவில் அமைகின்றன. பதின்வயதினரிடம் விபத்து மிக அதிகம். நடுவயதில் அது அடிமட்டத்துக்கு இறங்குகிறது. 70 வயதுக்கு மேல் மெல்ல ஏறத் தொடங்குகிறது.

இதற்கு உடலியல் காரணங்கள் உண்டு. முதுமையில் கண்ணின் பாவை சுருங்குகிறது. வில்லை மஞ்சள் நிறம் ஏறி மங்குகிறது. 60 வயதில் விழித்திரையை எட்டும் ஒளி, 20 வயதில் எட்டியதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே. எதிரே வரும் வண்டியின் விளக்கொளியில் கூசிய கண் தெளியவும் அதிக நேரம் ஆகிறது. காலும் பிரேக்கை நாடச் சற்றுத் தாமதமாகும். 60 கி.மீ. வேகத்தில் செல்லும் கார் வினாடிக்கு 16.7 மீட்டர் ஓடுகிறது. அரை வினாடி தாமதித்தால் 8 மீட்டருக்கு மேல் கூடுதலாக ஓடிவிடும்.

ஆனால் மறுபக்கமும் உண்டு. மூத்தவர் அனுபவம் மிக்கவர், பெரும்பாலும் நிதானமானவர், இரவையும் மழையையும் நெரிசலையும் தவிர்ப்பவர், ஆண்டில் குறைந்த தூரமே ஓட்டுபவர். விபத்தில் முதியோர் அதிகம் இறப்பதற்கும் எலும்பும் உடலும் நலிந்திருப்பது ஒரு முக்கியக் காரணம்.

அமெரிக்காவின் பல மாநிலங்களில் ஓட்டுநரின் வயது பிரீமியத்தைப் பாதிக்கிறது. ஆயினும் கலிபோர்னியா மக்கள் 1988-ல் வாக்களித்து ஏற்ற சட்டம், ஓட்டுநரின் விபத்து வரலாறு, ஆண்டில் ஓடும் தூரம், அனுபவ ஆண்டுகள் ஆகிய மூன்றுக்குமே முதலிடம் தர வேண்டும் என்கிறது.

நம் நாட்டுக் கணக்கு

இந்தியாவில் கார் பாலிசியில் இரு பகுதிகள் உள்ளன. நம் கார் மோதிப் பிறருக்கு நேரும் நட்டத்தை ஈடு செய்வது மூன்றாம் தரப்புக் காப்பீடு. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 146-ஆம் பிரிவின்படி இது கட்டாயம். இதன் தொகையை அரசே அறிவிக்கிறது. 2022 ஜூன் 1 முதல் நடைமுறைக்கு வந்த அறிவிப்பில் 1000 சி.சி. வரையுள்ள காருக்கு 2,094 ரூபாய், 1500 சி.சி. வரை 3,416 ரூபாய், அதற்கு மேல் 7,897 ரூபாய் என்று விதிக்கப்பட்டது. எஞ்சினின் அளவே இங்கு கணக்கு. இருபது வயதினருக்கும் எழுபது வயதினருக்கும் தொகை ஒன்றே.

நம் காருக்கே நேரும் சேதத்தை ஈடு செய்வது இரண்டாம் பகுதி. எஞ்சின், காரின் வயது, பதிவான ஊர், காரின் மதிப்பு ஆகியவற்றைக் கொண்டே இதற்கும் முன்பு கட்டணப் பட்டியல் இருந்தது. 2007 ஜனவரி முதல் கம்பெனிகளே விலையை அமைத்துக் கொள்ளலாம் என்றாயிற்று. எனவே ஒரே காருக்குக் கம்பெனிக்குக் கம்பெனி தொகை மாறும். சிக்கனம் தேட வேண்டிய இடம் இதுதான்.

மதிப்பைக் குறைப்பது சிக்கனமா?

பாலிசியில் காரின் மதிப்பு 'ஐ.டி.வி.' என்ற பெயரில் அச்சிடப்பட்டிருக்கும். கம்பெனி விலையில் தேய்மானம் கழித்தது இது. இரண்டு முதல் மூன்று ஆண்டுக் காருக்கு 30 சதவீதமும், நான்கு முதல் ஐந்து ஆண்டுக் காருக்கு 50 சதவீதமும் கழிக்கப்படும். 8 லட்சம் ரூபாய்க் கார் ஐந்தாம் ஆண்டில் 4 லட்சம் மதிப்புடையது. அதற்கு மேற்பட்ட வயதுள்ள காருக்கு மதிப்பை இரு தரப்பும் பேசி முடிவு செய்ய வேண்டும்.

பிரீமியம் மலிவாகத் தெரிய வேண்டும் என்று இம்மதிப்பைக் குறைத்துக் காட்டுவதுண்டு. கார் திருட்டுப் போனாலோ, முற்றிலும் நொறுங்கினாலோ அக்குறைந்த தொகையே கைக்கு வரும். இரு கம்பெனிகளை ஒப்பிடும்போது ஐ.டி.வி. ஒன்றாக இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

சிறு சேதத்துக்குப் பணம் கேட்கலாமா?

ஓர் ஆண்டு முழுவதும் இழப்பீடு கேட்காதவருக்குச் சொந்தச் சேதப் பிரீமியத்தில் தள்ளுபடி உண்டு. 'நோ கிளெய்ம் போனஸ்' என்ற இது 20, 25, 35, 45, 50 சதவீதம் என ஆண்டுதோறும் ஏறும். நிதானமாக ஓட்டும் மூத்தவருக்கு இதைவிடப் பெரிய சொத்து வேறில்லை. ஒரு முறை பணம் கேட்டால் இது பூஜ்யமாகிவிடும்.

ஒரு கணக்கைப் பாருங்கள். தள்ளுபடிக்கு முன் பிரீமியம் 8,000 ரூபாய்; 50 சதவீதம் போக நீங்கள் கட்டுவது 4,000. கார் நிறுத்தும்போது சுவரில் இடித்து பம்பர் உடைகிறது. புதிய பம்பர் 8,000 ரூபாய். பிளாஸ்டிக் பாகத்துக்குச் சாதாரண பாலிசியில் பாதி தேய்மானம் கழிப்பார்கள். 1500 சி.சி. வரையுள்ள கார் என்றால் கட்டாயக் கழிவு 1,000 ரூபாய். கைக்கு வருவது 3,000.

இனி இழப்பு. அடிப்படைப் பிரீமியம் மாறாது என்று கொண்டால், அடுத்த ஐந்து ஆண்டுகளில் நீங்கள் கட்டுவது 8,000, 6,400, 6,000, 5,200, 4,400. போனஸ் நீடித்திருந்தால் ஆண்டுக்கு 4,000 மட்டுமே. கூடுதல் செலவு 4,000, 2,400, 2,000, 1,200, 400. ஆக 10,000 ரூபாய். மூவாயிரத்துக்காகப் பத்தாயிரத்தை இழப்பது சிக்கனமாகாது.

இப்போனஸ் காருக்கு உரியதன்று, உரிமையாளருக்கு உரியது. காரை விற்றவர் கம்பெனியிடம் சான்று பெற்றுக் கொண்டால் மூன்று ஆண்டுகளுக்குள் வேறு காருக்கு அதைப் பயன்படுத்தலாம். பாலிசி முடிந்து 90 நாட்களுக்குள் புதுப்பிக்காவிட்டால் போனஸ் போய்விடும்.

மேலும் சில வழிகள்

சேதத்தில் முதல் 5,000 ரூபாயைத் தாமே ஏற்பதாக ஒருவர் ஒப்புக் கொண்டால் பிரீமியம் குறையும். ஆண்டுக்கு 1,000 ரூபாய் குறைகிறது என்றால், ஐந்து ஆண்டுக்கு ஒரு முறைக்கும் குறைவாக இழப்பீடு கேட்பவருக்கு இது இலாபம். ஆனால் அந்த 5,000 ரூபாய் எப்போதும் கையிருப்பில் இருக்க வேண்டும்.

ஓடிய தூரத்துக்கு ஏற்பப் பிரீமியம் கட்டும் முறையைக் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2022 ஜூலையில் அனுமதித்தது. கோயிலுக்கும் கடைக்கும் மட்டுமே காரை எடுப்பவர் இதைக் கேட்டுப் பார்க்கலாம். உரிமையாளர் ஓட்டுநருக்கான 15 லட்ச ரூபாய் விபத்துக் காப்பீடு தனியாக ஏற்கெனவே இருந்தால், கார் பாலிசியுடன் மீண்டும் வாங்கத் தேவையில்லை.

எதைக் குறைக்கக் கூடாது?

கார் மிகப் பழையதாகி மதிப்பிழந்திருந்தால் சொந்தச் சேதப் பகுதியைக் கைவிடுவது பற்றி யோசிக்கலாம். கார் போனால் அந்த மதிப்போடு இழப்பு முடிந்துவிடும். மூன்றாம் தரப்புக் காப்பீடு அப்படியன்று. ஓர் உயிர் போனால் நீதிமன்றம் விதிக்கும் ஈட்டுத் தொகை பல லட்சம் ஆகலாம். காப்பீடு இல்லாதவரின் சேமிப்பும் வீடும் அதற்கு ஈடாகக் கூடும். ஒரு நாள்கூட இது விட்டுப் போகலாகாது.

ஓட்டுநர் உரிமமும் அவ்வாறே. 2019-ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டத்தின்படி 55 வயதை எட்டியவரின் உரிமம் ஐந்து ஆண்டுகளுக்கே புதுப்பிக்கப்படும். மருத்துவச் சான்றும் வேண்டும். உரிமம் காலாவதியான நிலையில் விபத்து நேர்ந்தால் கம்பெனி சொந்தச் சேதத்துக்குப் பணம் தர மறுக்கலாம். பிறருக்குக் கொடுத்த தொகையை உங்களிடமே திரும்பக் கேட்கவும் கூடும்.

ஆகவே உரிமமும் பாலிசியும் முடியும் தேதிகளை நாட்காட்டியில் குறித்து வையுங்கள். ஆண்டுக்கு ஒரு முறை கண்களைச் சோதித்துக் கொள்ளுங்கள். கண்புரை இருந்தால் சிகிச்சையைத் தள்ளிப் போடாதீர்கள். தெளிந்த பார்வை விபத்தைத் தவிர்க்கும். விபத்தில்லாத ஆண்டுகள் போனசை வளர்க்கும்.