சிதறிக் கிடக்கும் செடி மாதிரிகளை ஒருங்கே தேடும் முறை

ஒரு களையை அழிக்க முற்படுமுன் அதன் சரியான பெயரை அறிதல் அவசியம். கேரள நெல் வயல்களிலும் வாய்க்கால்களிலும் பரவிய சால்வினியா என்னும் நீர்க்களை இதற்குத் தக்க சான்றாகும். அதனைச் சால்வினியா ஆரிகுலேட்டா என்று நெடுங்காலம் கருதியிருந்தனர். முதலில் விடப்பட்ட பூச்சிகளால் போதிய பயன் விளையவில்லை. 1972-ல் அது சால்வினியா மொலெஸ்டா என்னும் தனி இனமென வரையறுக்கப்பட்டது. பின்னர் அதன் தாயகம் தென்கிழக்குப் பிரேசில் எனத் தெரிந்து, அங்கிருந்து கொணர்ந்த கூன்வண்டு முதலில் ஆஸ்திரேலியாவிலும் பின்னர் இந்தியாவிலும் அக்களையைப் பெரிதும் அடக்கிற்று.

இத்தகைய ஆராய்ச்சிக்கு ஆதாரமாய் நிற்பவை ஹெர்பேரியங்களாகும். இவற்றில் செடிகளை அழுத்தி உலர்த்தித் தாளில் ஒட்டி, எடுத்த இடம், தேதி, எடுத்தவர் பெயர் ஆகியவற்றைக் குறித்து வைப்பர். நம் பிரதேசத்துச் செடிகள் கோயம்புத்தூரிலுள்ள சென்னை ஹெர்பேரியத்திலும், திருச்சிராப்பள்ளி ராப்பினா ஹெர்பேரியத்திலும், புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிலையத்திலும், கடல் கடந்து லண்டன் கியூ தோட்டத்திலும் சிதறியுள்ளன. ஒவ்வோரிடத்தும் பதிவேடு தனியாதலால், தேடுவோர் ஒவ்வொன்றையும் தனித்தனியே புரட்ட வேண்டியதாகும்.

இவற்றை ஒன்றாய்த் தேடுவதில் மூன்று இடர்கள் உண்டு. முதலாவது, இடத்தின் பெயர். கொரட்டூர் முன்னர் செங்கற்பட்டு ஜில்லாவிலும், 1997 முதல் திருவள்ளூர் மாவட்டத்திலும், 2018 முதல் சென்னை மாவட்டத்திலும் அடங்கியது. மாவட்டப் பெயரை மட்டும் கொண்டு தேடினால் ஒரு பகுதியே கிட்டும். ஆதலின் அட்சரேகை, தீர்க்கரேகைகளையும் குறித்தல் வேண்டும். இரண்டாவது, செடியின் பெயர். ஐக்கோர்னியா எனப்பட்ட ஆகாயத்தாமரையை 2018-ல் பொன்டெடேரியா என்னும் பேரினத்திற்கு மாற்றினர். பழைய பெயரையும் புதிய பெயரையும் இணைக்கும் அட்டவணை இன்றியமையாதது. மூன்றாவது, ஒரே செடியின் பிரதிகள் பல ஹெர்பேரியங்களில் இருத்தல். எடுத்தவர் பெயர், எண், தேதி ஆகியவை ஒத்திருப்பின் அவற்றை ஒன்றெனக் கொள்ளலாம்.

இதன் பொருட்டு 2009-ல் டார்வின் கோர் என்னும் பொதுப் பதிவு முறை அங்கீகரிக்கப்பட்டது. மாதிரிகள் அந்தந்த ஹெர்பேரியத்திலேயே இருக்கும். அவற்றின் குறிப்புகள் மட்டும் பொது அட்டவணையில் சேரும். 2001-ல் நிறுவப்பெற்று, கோபன்ஹேகனில் தலைமை நிலையமுடைய ஜி.பி.ஐ.எப். உலகளவில் இப்பணியைச் செய்து வருகிறது.

எனினும் எவ்வளவு சிறந்த தேடுமுறையும் மூலக் குறிப்பில் இல்லாததைத் தர இயலாது. கொரட்டூரைப் போல் வயல்கள் மனைகளாய் மாறிய ஊர்களில், முன்பு விளைந்த செடிகளுக்குப் பழைய மாதிரிகளே சாட்சி. ஆகவே நிலமுடையோர் புதிய களையைக் கண்டால், பூவும் காயுமுள்ள கிளையைச் செய்தித்தாள்களுக்கிடையே பாரம் வைத்து அழுத்தி, நாள்தோறும் தாளை மாற்றி உலர்த்துக. கிராம அதிகாரிகள் ஊர், சர்வே எண், தேதி, வழக்குப் பெயர், நிலத்தின் தன்மை ஆகியவற்றை எழுதி, அருகிலுள்ள வேளாண்மை விரிவாக்க மையத்தில் சேர்ப்பிக்க உதவுதல் நலம்.