இடப்பக்கம் முந்நூறு, வலப்பக்கம் எவ்வளவு?

ஒரு மார்பு சிறியது, இன்னொன்று பெரியது. சிறிய பக்கத்தில் 50 சிசி (கன சென்டிமீட்டர்) கூடுதலாக ஓர் இம்ப்ளான்ட் வைத்தால் இரண்டும் சமமாகிவிடாதா? பிளாஸ்டிக் சர்ஜரி மருத்துவரின் எதிரில் உட்காரும்போது யாருக்கும் முதலில் தோன்றும் கணக்கு இது. ஏற்கெனவே ஒரு முறை அறுவை செய்து, அதில் சமம் கிடைக்காமல் மறு அறுவைக்கு வருபவருக்கு இந்தக் கேள்வி இன்னும் கூர்மையானது. கேள்வியில் தவறே இல்லை. ஆனால் பதில் கழித்தல் கணக்கில் அடங்காது.

பள்ளிக்கூட வடிவியலை வைத்தே ஆரம்பிக்கலாம். மார்பை ஓர் அரைக்கோளம் என்று வைத்துக்கொள்வோம். ஆரம் 6 செ.மீ. என்றால் அதன் கன அளவு ஏறத்தாழ 452 சிசி. இதே அரைக்கோளத்தில் 50 சிசி கூட்டினால் ஆரம் எவ்வளவு வளரும்? 2 மில்லிமீட்டர். அவ்வளவுதான். முகம் பார்க்கும் கண்ணாடியில் அதைக் கண்டுபிடிப்பது கடினம். இப்போது திருப்பிப் போடுவோம். விட்டம் 12 செ.மீ.யிலிருந்து 13 ஆகட்டும். ஒரே ஒரு சென்டிமீட்டர்தான். கன அளவு 575 சிசிக்குத் தாவிவிடுகிறது, 120 சிசிக்கும் மேலான ஏற்றம். உண்மையான மார்பு அரைக்கோளம் இல்லை. மேற்புறம் சரிவாகவும் கீழ்ப்புறம் நிறைவாகவும் இருக்கும். ஆனாலும் விதி பொருந்தும். அகலத்தில் சிறு மாற்றம் கன அளவைப் பெரிதாக மாற்றும். கன அளவில் பெரிய மாற்றம் கண்ணுக்குச் சிறிதாகவே தெரியும். சிசி எண்ணை மட்டும் நம்பி முடிவெடுப்பவர்கள் ஏமாறுவது இங்கேதான்.

அந்தக் கன அளவை அளப்பதும் லேசான காரியமில்லை. ஆர்க்கிமிடீஸின் வழியைப் பின்பற்றி, தண்ணீர் நிறைந்த பாத்திரத்தில் மார்பைத் தாழ்த்தி, வழியும் நீரை அளந்து பார்த்திருக்கிறார்கள். ஒளி ஊடுருவும் கூம்புத் தாளில் மார்பைப் பொதிந்து அளவுகோட்டைப் படித்திருக்கிறார்கள். இன்று பல கோணங்களில் ஒரே நொடியில் படமெடுத்து முப்பரிமாண உருவம் தரும் கேமராக்கள் உண்டு. புற்றுநோய்க்காக மார்பை எடுக்கும் அறுவையில், எடுத்த திசுவை அங்கேயே தராசில் வைத்துப் பார்ப்பார்கள். ஒரு கிராம் ஏறத்தாழ ஒரு சிசி. எந்த வழியில் அளந்தாலும், மாதவிலக்குக்கு முந்தைய நாட்களில் மார்பு நீர் கோத்துச் சற்றுப் பெருத்திருக்கும் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும். பிரா அளவு இதற்கெல்லாம் உதவவே உதவாது. கோப்பையின் எழுத்து சுற்றளவோடு சேர்ந்துதான் பொருள் தரும். 34-இல் ‘பி’ பிடிக்கும் அளவும் 36-இல் ‘ஏ’ பிடிக்கும் அளவும் ஏறத்தாழ ஒன்றே.

ஏற்றத்தாழ்வு என்பது யாரோ சிலருக்கு வந்த குறை என்று நினைப்பதும் பிழை. 2003-இல் அமெரிக்காவின் டாலஸ் நகர மருத்துவர்கள், மார்பைப் பெரிதாக்கும் அறுவைக்கு வந்த 100 பெண்களின் படங்களை ஆராய்ந்து வெளியிட்டார்கள். அவர்களில் 88 பேருக்கு ஏதோ ஒரு விதத்தில் இரு பக்கமும் ஒத்திருக்கவில்லை. சிலருக்கு அளவு, சிலருக்குக் காம்பின் உயரம், சிலருக்கு அடியிலிருக்கும் விலா எலும்புகளே ஒரு பக்கம் முன்னும் ஒரு பக்கம் பின்னுமாக. இடது மார்பு சற்றுப் பெரிதாக இருப்பதே வழக்கம் என்று பல ஆய்வுகள் சொல்கின்றன. மார்புத் தசையே ஒரு பக்கம் உருவாகாமல் பிறப்பவர்களும் உண்டு. லண்டனில் மாணவராக இருந்த ஆல்ஃபிரட் போலண்ட் 1841-இல் அதை விவரித்ததால் அவர் பெயரே அந்த நிலைக்கு நிலைத்துவிட்டது. விலா எலும்பு கோணியிருப்பவருக்கு எத்தனை சிசி வைத்தாலும் அந்தக் கோணல் மறையாது. பெரிய இம்ப்ளான்ட் அதை இன்னும் எடுப்பாகக் காட்டவும் கூடும்.

அப்படியானால் அளவை எங்கிருந்து தொடங்குவது? கோவை கணபதியில் டெக்ஸ்டூல் பக்கம் லேத் பட்டறை வைத்திருக்கும் எவரையும் கேளுங்கள். ஷாஃப்டுக்குப் புஷ் போட வேண்டுமென்றால், புஷ்ஷைக் கடைந்துவிட்டு இடம் தேட மாட்டார். முதலில் துளையை அளப்பார். அறுவை மருத்துவரும் முதலில் அளப்பது மார்பின் அடிப்பாகத்தின் அகலத்தைத்தான். பிறகு ஓரங்களைக் கிள்ளிப் பார்த்து, தோலும் கொழுப்பும் எவ்வளவு தடிமன் என்று குறிப்பார். கிள்ளும்போது இரண்டு மடிப்பு விரலுக்குள் வரும், எனவே பாதிதான் உண்மையான தடிமன். அடி அகலம் 13 செ.மீ., இரு ஓரத்திலும் கிள்ளினால் 2 செ.மீ. என்றால், பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு போக மீதி 11. அதுதான் உள்ளே வைக்கக்கூடிய இம்ப்ளான்டின் அகலம். அதைத் தாண்டினால் இம்ப்ளான்டின் விளிம்பு அக்குள் பக்கம் பிதுங்கும், அல்லது நடுநெஞ்சில் இரண்டும் ஒட்டிக்கொள்ளும்.

அகலம் தீர்மானமானபின் மாற்றிக்கொள்ளக்கூடியது முன்துருத்தல். ஒரே அகலத்தில் தட்டையானது, நடுத்தரமானது, உயர்ந்தது என்று வகை வகையாக இம்ப்ளான்ட் செய்கிறார்கள். இரு மார்பின் அடி அகலமும் ஒன்றாக இருந்து நிறைவு மட்டும் வேறுபட்டால், இரு பக்கமும் ஒரே அகலம், வேறு வேறு உயரம் என்று தேர்ந்தெடுக்கலாம். அடி அகலமே வேறானால் சிக்கல் கூடுகிறது. குறுகிய பக்கத்தில் அகன்றதை வைக்க முடியாது, உயரமானதை வைத்தால் அது பந்துபோல் துருத்தும். அப்போது பெரிய மார்பைச் சற்றுக் குறைப்பதே சரியான வழியாக இருக்கும். சிறியதை நிரப்புவதைப் பற்றியே யோசிப்பவர்களுக்கு இது நினைவுக்கு வருவதில்லை. காம்பின் உயர வேறுபாட்டையும் இம்ப்ளான்ட் தீர்க்காது. அது தூக்கிக் கட்டும் பொருள் இல்லை, நிரப்பும் பொருள்.

மறு அறுவையில் இந்தக் கணக்கெல்லாம் புரள்கிறது. உடலுக்குள் அந்நியப் பொருள் எது வந்தாலும் அதைச் சுற்றி உடல் ஓர் உறையை நெய்துகொள்ளும். இம்ப்ளான்டைச் சுற்றியும் அப்படித்தான். பலருக்கு அந்த உறை மெல்லிய சவ்வாகவே இருந்துவிடும். சிலருக்குத் தடித்து, சுருங்கி, உள்ளிருப்பதை நெரிக்கும். ஒரு பக்கம் மட்டும் அப்படிச் சுருங்கினால், நேற்றுவரை சமமாக இருந்த மார்பு மேலேறி, உருண்டு, கல்லாக இறுகிவிடும். புற்றுநோய்க்காகக் கதிர்வீச்சுச் சிகிச்சை பெற்ற பக்கத்தில் இது நேர வாய்ப்பு அதிகம். அங்கே இம்ப்ளான்டின் அளவில் எந்தத் தவறும் இல்லை; சுருங்கிய உறையை எடுத்தால் அதே அளவே போதும். எதிர்ப்புறமாகவும் நேரும். கனமான இம்ப்ளான்ட் ஆண்டுக்கணக்கில் அழுத்தியதில் கீழ்மடிப்பு இறங்கி, அறை பெரிதாகி, பொருள் கீழே சரிந்திருக்கும். இங்கே இன்னும் பெரியதை வைத்து நிரப்புவது நோயையே மருந்தாகக் கொடுப்பதாகும். அறையின் சுவரைத் தையலிட்டுச் சுருக்கி, கீழ்மடிப்பை மறுபக்க மடிப்பின் உயரத்துக்கே கொண்டுவந்து நிறுத்த வேண்டும். அளவுக்கான முறை அதற்குப் பிறகுதான். முன்பு பெரியதைத் தாங்கி மெலிந்த தோலுக்கு இப்போது சிறியதை வைத்தால் துணி தொங்குவதுபோல் தொங்கும்; மிகுந்த தோலையும் வெட்டிச் சீராக்க வேண்டியிருக்கும். இத்தனையும் சேர்ந்துதான் ‘எத்தனை சிசி?’ என்ற ஒற்றைக் கேள்விக்குப் பதிலாகிறது. மறு அறுவை முதல் அறுவையைவிடக் கடினம் என்று மருத்துவர்கள் சொல்வதை, தங்களைக் காத்துக்கொள்ளச் சொல்லும் பேச்சு என்று யாரும் எண்ண வேண்டாம்.

கடைசி முடிவு பெரும்பாலும் அறுவை மேசையில்தான். ‘சைஸர்’ என்ற தற்காலிக அளவுப் பொருளை இரு பக்கமும் உள்ளே வைத்து, மயக்கத்தில் இருப்பவரை மேசையோடு நிமிர்த்தி உட்காரவைத்து, மருத்துவர் கால்மாட்டில் போய் நின்று பார்ப்பார். படுத்த நிலையில் புவியீர்ப்பு மறைத்ததெல்லாம் அப்போது வெளிப்படும். ஒன்றை எடுத்துவிட்டு அடுத்த அளவை வைப்பார், மறுபடி நிமிர்த்துவார். அளவுகள் தொடர்ச்சியாகக் கிடைப்பதில்லை, படிப்படியாகத்தான் வரும். இரண்டு படிகளுக்கு நடுவே உண்மை இருந்தால் ஏதோ ஒன்றை ஏற்கத்தான் வேண்டும். உப்புநீர் ஊற்றி நிரப்பும் வகையில் மேசையிலேயே கொஞ்சம் கூட்டிக் குறைக்கலாம்.

அறுவை முடிந்தவுடன் தெரிவதும் இறுதி உருவம் இல்லை. வீக்கம் வடிந்து, தசை தளர்ந்து, இம்ப்ளான்ட் தன் இடத்தில் அமரப் பல மாதங்கள் ஆகும். அதனால்தான், அவசரக் காரணம் இல்லாவிட்டால் ஆறு மாதத்துக்கு முன் மறு அறுவையைப் பற்றிப் பேசவே பலர் மறுக்கிறார்கள். அதற்கப்பாலும் காலம் தன் வேலையைச் செய்யும். ஒரு பக்கம் இம்ப்ளான்ட், மறுபக்கம் இயற்கை என்றால், உடல் எடை கூடும்போது இயற்கை மார்பு பெருக்கும், வயதாகும்போது தளர்ந்து இறங்கும். இம்ப்ளான்ட் இரண்டையும் செய்யாது. இன்று துல்லியமாகப் பொருந்தியது பத்து ஆண்டில் விலகிப்போவது இயல்பு.

இவ்வளவு பாடு எதற்கு, உயிருக்கா ஆபத்து என்று கேட்பவர்கள் உண்டு. 2018 பிப்ரவரியில் சென்னை ஸ்டான்லி மருத்துவமனையில் ஏழைப் பெண்களுக்கு இலவசமாக மார்பக இம்ப்ளான்ட் வைக்கும் வசதியைத் தமிழக அரசு தொடங்கியபோது அந்தக் கேள்வி உரக்க எழுந்தது. அழகுச் சிகிச்சை ஏழைக்கு ஏன் கிடைக்கக் கூடாது என்று அன்றைய சுகாதார அமைச்சர் சி. விஜயபாஸ்கர் கேட்டார். உயிர்காக்கும் சிகிச்சைகளுக்குச் செலவிட வேண்டிய பணம் இது என்று பொதுச் சுகாதாரத் துறையைச் சேர்ந்தவர்கள் மறுத்தார்கள். பணம் குறித்த கவலை நியாயமானது. ஆனாலும் நான் ஸ்டான்லியின் பக்கமே நிற்கிறேன். ஒரு மார்பை நோய்க்குக் கொடுத்தவர், ஒரு பக்கம் வளராமலே பெரியவளானவர், முந்தானையை இழுத்து இழுத்து விட்டே ஆயுளைக் கழிப்பவர், இவர்கள் கேட்பது ஆடம்பரம் ஆகாது. மார்பைப் பெருக்கும் அறுவையின் வரலாறே இந்த ஏற்றத்தாழ்விலிருந்துதான் பிறந்தது. 1895-இல் ஜெர்மனியின் ஹைடல்பெர்க் பேராசிரியர் வின்சென்ஸ் செர்னி ஒரு பாடகியின் சிகிச்சையைப் பற்றி எழுதினார். கட்டிக்காக ஒரு மார்பிலிருந்து திசுவை எடுத்த இடத்தில், அந்தப் பாடகியின் முதுகுப்புறம் இருந்த ஒரு கொழுப்புக் கட்டியையே எடுத்து வைத்து நிரப்பியிருந்தார். மேடையில் நிற்கும் பெண் இரு பக்கமும் ஒத்திருக்க வேண்டும் என்பதே நோக்கம். சிலிக்கோன் இம்ப்ளான்ட் வந்தது அதற்கு வெகுகாலம் பின், 1962-இல், அமெரிக்காவின் ஹூஸ்டனில்.

கொங்கு நாட்டில் பிளாஸ்டிக் சர்ஜரி வேரூன்றிய விதம் எனக்கு எப்போதும் வியப்பாக இருக்கும். மில்லிலும் பட்டறையிலும் எந்திரத்தில் கை சிக்கியவர்களுக்கு, அறுந்த விரலை ஒட்டவைக்க, ஒரு மில்லிமீட்டர் தடிமனுள்ள ரத்தக் குழாயை நுண்ணோக்கியின் கீழ் தைக்கும் திறமை இங்கே வளர்ந்தது. கணபதியிலிருந்து அதிகத் தூரமில்லாத மேட்டுப்பாளையம் சாலையில், டாக்டர் எஸ். ராஜசபாபதியின் கங்கா மருத்துவமனை உலகறியப் பெயர் பெற்றது இந்த வேலையில்தான். ஸ்டான்லியிலும் டாக்டர் ஆர். வெங்கடசாமி உருவாக்கிய கை அறுவைப் பிரிவே முன்னோடி. வயிற்றுக் கொழுப்பை ரத்தக் குழாயோடு எடுத்து நெஞ்சில் பொருத்தி மார்பாக்கும் அறுவைக்கும் அதே தையல்தான் வேண்டும். இம்ப்ளான்ட் ஒத்துவராத பெண்ணுக்கு அது இன்னொரு கதவு. அந்த மார்பு உடல் எடையோடு கூடிக் குறையும், வயதோடு தளரும் என்பதால் மறுபக்கத்தோடு காலமெல்லாம் ஓரளவு ஒத்துப்போகும்.

மறு அறுவைக்குப் போகிறவர் கையோடு கொண்டுபோக வேண்டிய ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். முதல் அறுவையில் தரும் இம்ப்ளான்ட் அட்டை. நிறுவனம், வகை, அகலம், சிசி, தொகுதி எண் எல்லாம் அதில் இருக்கும். 2010-இல் பிரான்ஸின் பிஐபி (PIP) நிறுவனம் மருத்துவத் தரமற்ற சிலிக்கோனை நிரப்பி விற்றது அம்பலமானபோது, உலகெங்கும் லட்சக்கணக்கான பெண்கள் தங்களுக்குள் இருப்பது எந்த நிறுவனத்தின் பொருள் என்று தேடினார்கள். அட்டையோ மருத்துவப் பதிவோ இருந்தவர்களுக்குப் பதில் கிடைத்தது. அட்டை இல்லாமல் வருபவருக்கு ஸ்கேன் எடுத்தால் உறை தடித்திருக்கிறதா, இம்ப்ளான்ட் கிழிந்திருக்கிறதா என்று தெரியும். சரியான சிசி தெரியாது. அதை வெளியே எடுத்து, அதன்மேல் பொறித்த எண்ணைப் படிக்கும்வரை மருத்துவர் ஊகத்தில்தான் இருப்பார், பல அளவுகளை அறுவை அறையில் எடுத்துவைத்துக்கொண்டு. குடும்ப அட்டை, ஆதார் வைத்திருக்கும் அதே கோப்பில் அதையும் வைத்திருங்கள்.