மைக்ரோஸ்கோப்பின் முன் அமர்ந்த பெண்கள்



தொழில்நுட்பத் துறையில் சாதித்த பெண்கள் என்று சொன்னவுடன் நமக்கு அமெரிக்கப் பெயர்கள்தான் நினைவுக்கு வருகின்றன. கடலுக்கு அந்தப் பக்கம் பாயான் லெப்பாஸ் இருக்கிறது. மாக் மண்டினில் வசிக்கும் நாம் முதலில் அங்கே பார்ப்போமே.

1969இல் பினாங்குத் தீவு தீர்வையற்ற துறைமுகத் தகுதியை இழந்தது. துறைமுக வணிகத்தை நம்பியிருந்த குடும்பங்களில் வேலையில்லாத் திண்டாட்டம். நம் மாக் மண்டினில் அதற்கு முன்பே தொழிற்பேட்டை அமைந்திருந்தாலும் அது போதவில்லை. அதே ஆண்டு முதலமைச்சரான டாக்டர் லிம் சோங் இயூ வெளிநாட்டு மின்னணு நிறுவனங்களை அழைத்தார். 1972இல் பாயான் லெப்பாஸ் சுதந்திர வர்த்தக மண்டலம் உருவானது. இன்டெல், ஏ.எம்.டி., ஹியூலட் பேக்கார்டு, நேஷனல் செமிகண்டக்டர், ஹிட்டாச்சி, கிளாரியன், போஷ், லிட்ரோனிக்ஸ் ஆகிய முதல் எட்டு நிறுவனங்களை இன்றும் 'எட்டு சாமுராய்கள்' என்று பெருமையாக அழைக்கிறோம்.

சாமுராய்கள் சரி. உள்ளே உட்கார்ந்து வேலை பார்த்தது யார்? பெரும்பாலும் பள்ளி முடித்த இளம் பெண்கள். மலாய், சீன, தமிழ்க் குடும்பங்களின் மூத்த பிள்ளைகள். பாலம் திறந்தது 1985இல்தான். அதுவரை பட்டர்வொர்த் பக்கமிருந்து போனவர்கள் பெர்ரி ஏறித்தான் தீவுக்குப் போக வேண்டும்.

அவர்கள் செய்த வேலையைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன். 'சும்மா ஆபரேட்டர் வேலை' என்று சொல்லியே நாம் அதைச் சின்னதாக்கிவிட்டோம். சிலிக்கான் சில்லு நகக்கண்ணைவிடச் சிறியது. அதிலிருந்து வெளியே இருக்கும் உலோகக் கால்களுக்கு மின்சாரம் போக வேண்டும். அதற்குத் தங்கக் கம்பி பயன்படுகிறது. அதன் தடிமன் சுமார் 25 மைக்ரான், அதாவது நம் தலைமுடியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. மைக்ரோஸ்கோப்பில் கண் வைத்து, கம்பியின் ஒரு முனையைச் சில்லிலும் மறு முனையைக் காலிலும் கையாலேயே குறிபார்த்துப் பொருத்த வேண்டும். 14 கால் என்றால் 28 இணைப்பு. ஒன்று பிசகினாலும் சில்லு வீண். இப்படி ஒரு ஷிப்ட் முழுவதும். கண் எரிச்சலும் தலைவலியும் அந்த வேலையோடு சேர்ந்தே வந்தன.

இதற்கு ஊர் கொடுத்த பட்டம் 'மினா காரான்'. மினா என்பது சாதாரண மலாய்ப் பெண் பெயர். காரான் வேறொன்றுமில்லை, நாம் 'கரண்டு' என்கிறோமே, அதேதான். இரவில் வேலைக்குப் போகிறாள், சொந்தச் சம்பளத்தில் உடுத்துகிறாள் என்பதற்காகக் கிடைத்த ஏளனம் அது. அந்தச் சம்பளத்தில்தான் தம்பி தங்கைகள் படித்தார்கள் என்பதை ஏளனம் செய்தவர்கள் யோசிக்கவில்லை.

சட்டமும் விசித்திரமாக இருந்தது. 1955ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டம், தொழிற்சாலைகளில் பெண்கள் இரவு 10 மணி முதல் காலை 5 மணி வரை வேலை செய்யக் கூடாது என்றது. தொழிற்சாலைகளுக்கு மட்டும் விலக்கு கிடைத்தது. சங்கம் அமைக்கும் உரிமைக்கு அப்படி யாரும் அவசரப்படவில்லை. 1988இல்தான், அதுவும் நிறுவனத்துக்குள் மட்டும் இயங்கும் சங்கத்துக்கு அனுமதி வந்தது. அதற்குள் 1985இன் சரிவில் பலர் வேலை இழந்திருந்தார்கள். கம்பி பொருத்தும் வேலையும் இயந்திரத்தின் கைக்குப் போய்க்கொண்டிருந்தது.

இனி அடுத்த தலைமுறை. மேல்நாடுகளில் கணினி வகுப்பில் பெண்கள் குறைவு என்று கவலைப்படுகிறார்கள். இங்கே கதை வேறு. மலாயாப் பல்கலைக்கழகத்திலும் தேசியப் பல்கலைக்கழகத்திலும் கணினி அறிவியல் படிப்போரில் பெண்களுக்குப் பஞ்சமில்லை என்று 2006இல் இரு மலேசியப் பெண் ஆய்வாளர்கள் எழுதினார்கள். சுவீடனைச் சேர்ந்த உல்ஃப் மெல்ஸ்ட்ரோம் பினாங்கிலேயே ஆய்வு செய்து 2009இல் கட்டுரை வெளியிட்டார். குளிர்சாதன அறையில், வெயில் படாமல், பாதுகாப்பாகச் செய்யும் வேலை என்பதால் கணினித் துறை பெண்ணுக்கு ஏற்றதாக இங்கே கருதப்படுகிறது என்பது அவர் கண்ட ஒரு காரணம். ஆனால் அங்கே அவர் பார்த்த மாணவிகளில் பெரும்பான்மையோர் மலாய்க்காரர்கள். அரசாங்கத்தின் கல்விக் கொள்கைக்கும் இதில் பங்கு உண்டு. நம் பிள்ளைகள் எத்தனை பேர் அந்த வகுப்பறையில் இருக்கிறார்கள் என்று தமிழ்ப் பெற்றோர் கேட்டுக்கொள்ள வேண்டும். 2024 மே மாதம் அறிவிக்கப்பட்ட தேசிய செமிகண்டக்டர் வியூகம் 60,000 பொறியியலாளர்களை உருவாக்க இலக்கு வைத்திருக்கிறது.

மேலே ஏறிய பெண்களும் உண்டு. எட்டில் ஒன்றான ஹியூலட் பேக்கார்டுக்கு 1999இல் கார்லி ஃபியோரினா தலைமை ஏற்றார். ஏ.எம்.டி.க்கு 2014இல் லிசா சூ வந்தார். அவர்களைக் கைதட்டிப் பாராட்டுவோம். ஆனால் நம் வீட்டுப் பெண் அந்த ஏணியில் எந்தப் படியில் நிற்கிறாள் என்று கேட்டால், பெரும்பாலும் முதல் குழந்தை பிறந்த படியில்தான். பொறியியல் படித்துவிட்டு, பிள்ளையைப் பார்க்க ஆளில்லாமல் வீட்டில் இருக்கும் பெண் நம் எல்லார் குடும்பத்திலும் ஒருவராவது இருப்பார்.

அவர்கள் கவனத்துக்குச் சில தகவல்கள். 2023 ஜனவரி 1 முதல் இரவு வேலைத் தடைப் பிரிவு நீக்கப்பட்டது. பேறுகால விடுப்பு 60 நாளிலிருந்து 98 நாளானது. வேலை நேரத்தையோ இடத்தையோ மாற்றிக் கேட்டு எழுத்துப்பூர்வமாக விண்ணப்பிக்கவும் வழி வந்தது. முதலாளி மறுத்தால் காரணம் சொல்ல வேண்டும். ஈராண்டோ அதற்கு மேலோ வேலையை விட்டிருந்து திரும்பும் பெண்களுக்கு 12 மாதம் வரை வருமான வரி விலக்கு என 2018ஆம் ஆண்டு வரவுசெலவுத் திட்டத்தில் அறிவிக்கப்பட்டது. அதற்கான விண்ணப்பம் டேலண்ட்கார்ப் நிறுவனத்தின் வழி போகிறது. வேலைக்குத் திரும்பும் எண்ணம் இருந்தால் முதலில் அவர்களிடம் விசாரித்து, பழைய வேலைக் கடிதங்களைத் தேடி எடுத்து வையுங்கள்.