கல்லில் தந்தையின் பெயர் தேடும் பிஞ்சு விரல்கள்

புது தில்லி: சனி, ஞாயிறு மாலைகளில் தில்லிவாசிகள் குழந்தை குட்டிகளுடன் திரளும் இடம் இந்தியா கேட். ஐஸ்கிரீம் வண்டிகள், பலூன் வியாபாரிகள், அருகிலேயே குழந்தைகள் பூங்கா என அப்பகுதி திருவிழாக் கோலம் பூண்டிருக்கும். அங்கிருந்து சற்றுக் கிழக்கே உள்ள தேசியப் போர் நினைவகத்துக்குள் நுழைந்ததும் ஆரவாரம் அடங்கிவிடுகிறது.

விடுமுறை நாளில் இங்கு வரும் குழந்தைகள் இரு வகையினர். சுற்றிப் பார்க்க வருபவர்கள் பலர். சுவரில் தந்தையின் பெயரைத் தேடி வருபவர்கள் சிலர்.

பெயர்கள் நிறைந்த சுவர்கள்: 1931-ல் திறக்கப்பட்ட இந்தியா கேட், முதல் உலகப் போரிலும் மூன்றாம் ஆப்கன் போரிலும் மடிந்த பிரிட்டிஷ் இந்திய ராணுவத்தினருக்கானது. 1971 போருக்குப் பின் அதன் கீழ் ஏற்றப்பட்ட அமர் ஜவான் ஜோதியில் வீரர்களின் பெயர்கள் இல்லை. சுதந்திர இந்தியாவுக்காக உயிர்நீத்தோரின் பெயர்களைத் தாங்கிய நினைவகம், 2019 பிப்ரவரி 25-ல்தான் திறக்கப்பட்டது. அமர் ஜவான் ஜோதியும் 2022 ஜனவரி 21-ல் இங்குள்ள சுடருடன் இணைக்கப்பட்டது.

சுமார் 40 ஏக்கரில், நான்கு வட்டங்களாக அமைந்த இந்த நினைவகத்தின் நடுவே 15.5 மீட்டர் உயரத் தூணும், அதன் அடியில் அணையாச் சுடரும் உள்ளன. தியாகச் சக்கரம் எனப்படும் வட்டத்தின் கருங்கல் சுவர்களில், திறப்பு விழாவின்போதே 25,942 பெயர்கள் பொறிக்கப்பட்டிருந்தன. காஷ்மீர், சீனப் போர், சியாச்சின், கார்கில், இலங்கை சென்ற அமைதிப்படை எனப் பல களங்களில் மடிந்தவர்கள் அவர்கள். எந்தப் பெயர் எங்குள்ளது என்பதை மின்னணுத் திரையில் தேடிக் கண்டறியலாம். மாலையில் உயிர்நீத்த வீரர் ஒருவரின் குடும்பத்தினர் மலர்வளையம் வைத்து அஞ்சலி செலுத்தும் நிகழ்ச்சியும் நடைபெறுகிறது.

முகம் நினைவில் நிற்காத வயதிலேயே தந்தையை இழந்த பிள்ளைக்கு, அவரைத் தொட்டுணர எஞ்சியிருப்பது அந்த ஒரு வரிதான். பள்ளியில் முதல் நாள், பத்தாம் வகுப்புத் தேர்ச்சி, கல்லூரிப் பட்டம் என வளர்ச்சியின் ஒவ்வொரு படியையும் அப்பிள்ளை தாயின் கைப்பிடித்தே ஏறுகிறது. அரசின் பொறுப்பும் அங்குதான் தொடங்குகிறது.

அவையில் தந்த வாக்கு: வங்கதேசப் போர் முடிந்த இரண்டாம் நாளான 1971 டிசம்பர் 18-ல், மக்களவையில் ஓர் அறிவிப்பு வெளியானது. போரில் உயிரிழந்த, காணாமற்போன, உடல் ஊனமுற்ற வீரர்களின் பிள்ளைகளது கல்விச் செலவை அரசே ஏற்கும் என்பதே அது. கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம், பாடநூல், சீருடை ஆகியவை இச்சலுகையில் அடங்கும்.

சுமார் 45 ஆண்டுகள் தொடர்ந்த இச்சலுகைக்கு 2017-ல் கடிவாளம் போடப்பட்டது. கல்வி, விடுதிக் கட்டணங்கள் இரண்டும் சேர்த்து மாதம் ரூ. 10,000-க்கு மேல் வழங்கப்படமாட்டாது என்று உத்தரவிடப்பட்டது. உயர்கல்வி பயிலும் பிள்ளைகளுக்கு இது பேரிடியானது. அப்போதைய கடற்படைத் தளபதி சுனில் லம்பா, உச்சவரம்பை நீக்கக் கோரிப் பாதுகாப்புத் துறை அமைச்சருக்குக் கடிதம் எழுதினார். எதிர்ப்பு வலுத்ததைத் தொடர்ந்து, 2018 மார்ச்சில் உச்சவரம்பு விலக்கிக் கொள்ளப்பட்டது.

கருங்கல்லில் பொறித்த பெயரை ஒரே உத்தரவில் அழித்துவிட முடியாது. பிள்ளையின் பள்ளிக் கட்டணத்தைக் குறைக்கவோ, ஓர் உத்தரவே போதுமானதாக இருந்தது. மலர்வளையம் வைக்கும் நாள்களில் மட்டுமன்றி, நிதி ஒதுக்கும் நாள்களிலும் நாடாளுமன்றம் அந்தச் சுவர்களை நினைவில் கொள்ள வேண்டும் என்பதையே இந்தச் சம்பவம் உணர்த்துகிறது.