முதலாளி மாறினால் முதியோருக்கு என்ன ஆகும்?

‘நர்ஸிங் ஹோம்’ என்றதும் நம் நினைவுக்கு வருவது சிறிய தனியார் மருத்துவமனை. அமெரிக்காவில் அச்சொல்லுக்குப் பொருள் வேறு. நடமாட இயலாத முதியவர்களும், மருத்துவமனையிலிருந்து வந்து உடல் தேற வேண்டியவர்களும் தங்கியிருக்கும் பராமரிப்பு இல்லம் அது. இந்த நூற்றாண்டின் தொடக்கம் முதல் இத்தகைய இல்லங்கள் பலவற்றைப் ‘பிரைவேட் ஈக்விட்டி’ எனப்படும் முதலீட்டு நிறுவனங்கள் வாங்கியுள்ளன.

இவை எவ்வாறு இயங்குகின்றன? முதலீட்டாளர்களிடம் பணம் திரட்டி, அத்துடன் பெருங்கடனும் சேர்த்து ஒரு தொழிலை வாங்குகின்றன. சில ஆண்டுகளில் இலாபத்துடன் விற்றுவிடுவதே நோக்கம். கடனோ, வாங்கப்பட்ட தொழிலின் தலையில்தான் விழும். பல வேளைகளில் கட்டடமும் தனியே விற்கப்படும். எடுத்துக்காட்டாக, 2007இல் கார்லைல் நிறுவனம் ‘மேனர்கேர்’ இல்லங்களைச் சுமார் 630 கோடி டாலருக்கு வாங்கியது. 2011இல் அவற்றின் கட்டடங்கள் பெரும்பாலும் சுமார் 610 கோடி டாலருக்கு விற்கப்பட்டன. அதன்பின், சொந்தக் கூரையின் கீழ் இருந்த இல்லங்கள் வாடகை செலுத்த வேண்டியதாயிற்று. 2018இல் மேனர்கேர் திவால் மனு கொடுத்தது.

வட்டியையும் வாடகையையும் தள்ளிப்போட முடியாது. குறைக்கக்கூடிய பெரிய செலவு செவிலியர் சம்பளமே. ஆனால், தானாகப் புரள முடியாத நோயாளியைச் சில மணிக்கு ஒருமுறை யாராவது புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். இல்லையேல் படுக்கைப்புண் வரும். அதில் கிருமி தொற்றினால் உயிருக்கே ஆபத்து.

இது வெறும் ஊகம்தானே என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. இரு வகை இல்லங்களின் இறப்பு விகிதங்களை நேராக ஒப்பிட்டால் போதாதா? போதாது. தனி ஊசலில் நீளத்தையும் குண்டின் நிறையையும் ஒரே சமயத்தில் மாற்றினால், அலைவு நேரம் எதனால் மாறியது என்று சொல்ல முடியுமா? அதுபோல, இங்கு உரிமையாளர் மட்டுமல்ல, வந்து சேரும் நோயாளிகளும் வேறுபடுகிறார்கள்.

இச்சிக்கலை அதுல் குப்தா, சப்ரினா ஹோவெல், கான்ஸ்டன்டைன் யானெலிஸ், அபினவ் குப்தா ஆகிய ஆய்வாளர்கள் ஓர் எளிய உண்மையைக் கொண்டு தீர்த்தனர். மக்கள் பெரும்பாலும் வீட்டுக்கு அருகிலுள்ள இல்லத்தையே நாடுகிறார்கள். அந்த இல்லம் யாருடையது என்பதை நோயின் கடுமை தீர்மானிப்பதில்லை. ஆகவே தூரம், நாணயம் சுண்டிப் போட்டு நோயாளிகளைப் பிரித்தது போன்ற பயனைத் தருகிறது.

2024இல் வெளியான முடிவு இதுதான்: முதலீட்டு நிறுவன இல்லங்களுக்கு வந்தவர்கள் பிறரைவிட நோய் அபாயம் குறைந்தவர்கள். அப்படியிருந்தும், குறுகிய காலம் தங்கிய நோயாளிகளிடையே இறப்பு 11 சதவீதம் கூடியிருந்தது. தங்கியிருந்த நாட்களும், வெளியேறிய பின் 90 நாட்களும் கணக்கில் எடுக்கப்பட்டன. அதாவது, 100 பேர் இறந்திருக்கக்கூடிய இடத்தில் 111 பேர். செவிலியர் பணியும் குறைந்திருந்தது. விதிகளைக் கடைப்பிடிப்பதும் தளர்ந்திருந்தது.

இது சராசரிக் கணக்கு. அத்தகைய இல்லம் ஒவ்வொன்றும் மோசம் என்று இதற்குப் பொருளில்லை. ஆனால் முதியவர் ஒருவரை ஓர் இல்லத்தில் சேர்க்கும் நிலை வந்தால், சுவரின் வண்ணத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். இரவு நேரத்தில் எத்தனை நோயாளிக்கு ஒரு செவிலியர் என்று கேளுங்கள்.