மென்பொருள் நிறுவும் முறையும் புதியவர்க்கான குறிப்புகளும்

மைசூரு அக்ரஹாரத்தில் ஓர் ஆசிரியர், பள்ளியின் வருகைக் கணக்கை வைத்துக்கொள்ள ஒரு வலைச் செயலியை அமைக்க விழைகிறார் என்று கொள்வோம். அதற்குரிய சாதனம் நம் நாட்டிலேயே உண்டு. மும்பையைச் சேர்ந்த ஒரு நிறுவனம் பைத்தான் மொழியில் இயற்றிய ‘பிராப்பே’ என்னும் கட்டமைப்பை எவரும் கட்டணமின்றிப் பெறலாம். ஆயினும் அதனைக் கணினியில் நிறுவி முடிப்பதற்குள் அவருடைய விடுமுறை கழிந்துவிடக்கூடும்.

இதற்குக் காரணம் யாது? பிராப்பே தனித்து இயங்குவதன்று. விவரங்களைச் சேமிக்க மரியாடிபி, விரைவு நினைவுக்கு ரெடிஸ், இவற்றோடு நோட் ஆகியவை முன்னரே அமைந்திருத்தல் வேண்டும். குறிப்பு எழுதுபவரின் கணினியில் இவை என்றோ அமைந்துவிட்டன. ஆகவே ‘முன்தேவைகள்’ என ஒரு வரியில் கூறி அவர் மேலே செல்கிறார். புதியவர் இடறுவது அவ்வரியிலேதான்.

அதைக் கடந்தாலும், ‘பெஞ்ச்’ என்ற துணைக்கருவியால் புதிய தளம் அமைக்கையில், மரியாடிபியின் ‘ரூட்’ கடவுச்சொல் கேட்கப்படும். உபுண்டுவில் மரியாடிபியை நிறுவும்போதோ அத்தகைய கடவுச்சொல்லை எவரும் கேட்பதில்லை. அதனை நாமே பின்னர் அமைத்தல் வேண்டும். மேலும், தட்டும் எழுத்துக்கள் திரையில் தோன்றா. விசைப்பலகை பழுதாயிற்றென்று எண்ணுவதில் வியப்பில்லை! ‘எழுத்து தோன்றாது, தட்டி முடித்து என்டர் விசையை அழுத்துக’ என்ற ஒரு வாக்கியம் ஒரு மணி நேரத்தை மிச்சப்படுத்தும்.

சரியாயிருந்த குறிப்பும் காலத்தால் பிழையாவதுண்டு. 2023ஆம் ஆண்டில் வெளிவந்த டெபியன் 12 பதிப்பும், 2024இல் வந்த உபுண்டு 24.04 பதிப்பும், கணினி முழுமைக்குமாக ‘பிப்’ மூலம் தொகுப்புகளை நிறுவ மறுக்கின்றன. ‘வென்வ்’ எனும் தனிச்சூழலில் நிறுவுதலே முறை. பழைய குறிப்பைப் பின்பற்றுவோர் பிழைச் செய்தியைக் கண்டு திகைத்து, தடையை மீறும் விருப்பக்குறியைச் சேர்த்துவிடுகின்றனர். ‘கணினியின் தொகுப்புகளை உடை’ என்பதே அக்குறியின் பொருள் என்பதை அவர்கள் கவனிப்பதில்லை.

2014இல் பெர்லினில் தொடங்கிய ‘ஜாங்கோ கேர்ள்ஸ்’ இயக்கத்தின் பாடநூல் இவ்வகையில் சிறந்த மாதிரியாகும். அது விண்டோஸ், மேக், லினக்ஸ் ஆகியவற்றுக்குத் தனித்தனியே வழி கூறுகிறது. கட்டளைத் திரை யாதென முதலில் விளக்குகிறது. வரியின் தொடக்கத்திலுள்ள டாலர் குறியைத் தட்ட வேண்டியதில்லை என்பதையும் சொல்கிறது. கட்டளைக்குப்பின் திரையில் தோன்ற வேண்டியதையும் காட்டுவதால், தாம் சரியாகச் செய்தோமா என்பதைக் கற்பவர் தாமே அறிகிறார்.

குறிப்பைச் சோதிக்க, எதுவும் நிறுவப்படாத கணினியைப் புதியவர் ஒருவரிடம் கொடுத்து, எழுதியவர் வாய் திறவாமல் அருகில் அமர்ந்திருத்தல் நலம். ஆசிரியர்களும் களப்பணியாளர்களும் இதில் உதவலாம். தாம் நின்றுபோன இடம், இயங்குதளத்தின் பதிப்பு எண், திரையில் தோன்றிய பிழைச் செய்தி ஆகியவற்றைச் சொல் மாறாமல் எழுதி அனுப்பினால், திருத்துவோர்க்கு அதுவே போதும்.